நிரம்பிய குளத்தில் பெய்யும் மழை

ரொறன்ரோவுக்குக் கிழக்கே ஏஜாக்ஸில் இருந்தவரை, தேர்தல் வந்தால் எங்கள் வீட்டு அழைப்பு மணிக்கு ஓய்வில்லை. 2011இல் கொன்சர்வேட்டிவ், 2015இல் லிபரல் என்று கைமாறிய இடம் அது. ஒரே கட்சிக்காரர் மூன்று தரம் வந்துபோனதும் உண்டு. 2016இல் வேலைக்காக அல்பேர்ட்டாவின் கல்கரிக்குக் குடிவந்தோம். 2019 தேர்தலில் ஒருவர்கூடக் கதவைத் தட்டவில்லை.

காரணம் முடிவு வந்த இரவில் விளங்கியது. அல்பேர்ட்டாவின் 34 தொகுதிகளில் 33 கொன்சர்வேட்டிவுக்கு. பக்கத்துச் சஸ்காச்சுவானில் 14க்கு 14. நாடு முழுக்க அவர்களுக்கு 34.3 சதவீத வாக்கு, லிபரலுக்கு 33.1. இடங்களோ அவர்களுக்கு 121, லிபரலுக்கு 157. ஆட்சி லிபரல் பிரதமர் ட்ரூடோவிடமே நின்றது.

தொகுதியில் ஆகக் கூடுதல் வாக்கு எடுத்தவர் எம்.பி. ஐம்பது வாக்கால் வென்றாலும் ஐம்பதினாயிரத்தால் வென்றாலும் ஓரிடம்தான். அல்பேர்ட்டாவில் குவிந்த வாக்கெல்லாம் நிரம்பிய குளத்தில் பெய்த மழை. கியூபெக்கில் மட்டும் நிற்கும் புளொக் கியூபெக்குவா 7.6 சதவீதத்தில் 32 இடம் எடுத்தது. நாடெங்கும் நின்ற என்டிபி (புதிய ஜனநாயகக் கட்சி) அதைப்போல் இருமடங்கு வாக்கு வாங்கியும் 24தான்.

எண்ணெய் வயலில் உழைத்து ஓய்வுபெற்ற பக்கத்து வீட்டுக்காரர், பனி வழிக்கும்போதெல்லாம் 1980ஐ இழுப்பார். அந்த ஆண்டு லிபரல்கள் கியூபெக்கில் 75இல் 74 இடம் வென்றார்கள். மனிடோபா மாகாணத்துக்கு மேற்கே, அல்பேர்ட்டா உட்பட, ஒன்றுகூட இல்லை. ஒக்டோபரில் அவர்களின் தேசிய எரிசக்தித் திட்டம் வந்தது. எண்ணெயின் விலையிலும் வருவாயிலும் ஒட்டாவாவின் மத்திய அரசு கைவைத்தது. "எங்களைக் கேட்காமலே எங்கள் கிணற்றில் இறைத்தார்கள்" என்பார். அந்தக் கோபம்தான் 1987இல் ரிபோர்ம் கட்சியானது. 1993இல் 52 இடம் பிடித்தது.

ஒன்ராறியோவும் கியூபெக்கும் சேர்ந்தால் 2019இல் 338இல் 199 இடம். அங்கே, அதிலும் ஏஜாக்ஸ் போன்ற ஊசலாடும் ஊர்களில், கட்சிகள் காலணி தேய நடப்பது அதனால்தான்.

2025 ஏப்ரலில் எங்கள் கல்கரி கொன்பெடரேஷன் தொகுதியில் இழுபறி. வாசல் மணி அடித்தது. மறுநாளும் அடித்தது, வேறு கட்சி. கடைசியில் சிறு வித்தியாசத்தில் லிபரல் வென்றது.

பக்கத்து வீட்டுக்காரருக்கு அதில் கடுங்கோபம். ஆனாலும், "ஒருவழியாக எங்கள் தெருவுக்கும் வழி கண்டுபிடித்துவிட்டார்கள்" என்று சிரித்தார்.