பல்லில் கவ்விய பறி

பிச்சாவரம் உப்பங்கழியில் கையால் இறால் பிடிக்கப் போகிறவர் எடுத்துப்போகும் கருவி பனையோலையில் முடைந்த ஒரு பறி. வலை கிடையாது, தூண்டில் கிடையாது, இரையும் கிடையாது. வற்றம் பார்த்து வாய்க்காலில் இறங்குகிறார்கள். ஆழம் குறைந்த இடத்தில் உட்கார்ந்தபடியும் தவழ்ந்தபடியும் மெல்ல நகர்ந்து, அடியிலுள்ள சேற்றை இரு கைகளாலும் தடவுகிறார்கள். விரலில் பட்டது இறாலானால் அமுக்கிப் பிடித்து, வாயில் கவ்வியிருக்கும் பறிக்குள் போடுகிறார்கள். சிதம்பரத்துக்குக் கிழக்கே கிள்ளை வட்டாரத்தில் வாழும் இருளர் குடும்பங்களில் ஆண், பெண் இருபாலரும் செய்யும் வேலை இது. படகில் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் தண்ணீருக்கு மேல் தெரியும் தலைகளைப் பார்த்துவிட்டு, யாரோ குளிக்கிறார்கள் என்று நினைத்துக் கடந்துபோவதுண்டு.

இதில் என்ன தொழில்நுட்பம் இருக்கிறது என்று கேட்கலாம். அதற்கு முன் வேட்டையாடுகிறவன் எதைப் பார்த்து உடுத்துகிறான் என்று பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் துப்பாக்கியோடு மான் வேட்டைக்குப் போகிறவர்கள் பல மாநிலங்களில் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிறச் சட்டையும் தொப்பியும் அணிய வேண்டும் என்பது சட்டம். விஸ்கான்சின் மாநிலம் 2016இல் பளீர் இளஞ்சிவப்புக்கும் அனுமதி கொடுத்தது. ஒளிந்திருக்க வேண்டியவன் இப்படி உடுத்தலாமா? உடுத்தலாம். ஏனென்றால் நிறத்தைப் பிரித்தறிய நம் கண்ணில் மூன்று வகைக் கூம்பு செல்கள் இருக்க, மானின் கண்ணில் இரண்டுதான் உண்டு. நீலமும் பச்சையும் அதற்குத் தெரியும்; ஆரஞ்சும் சிவப்பும் மங்கிய ஏதோ ஒரு நிறமாகக் காட்டோடு கலந்துவிடும். சக வேட்டைக்காரன் கண்ணுக்குத் தீப்பந்தம் போல எரிகிற சட்டை மானுக்கு ஒரு பொருட்டே இல்லை. மாறாக, துணி வெளுப்பாகத் தெரியச் சலவைத்தூளில் சேர்க்கும் வேதிப்பொருள்கள் புற ஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாக உமிழ்கின்றன. அந்த நீலம் மானுக்கு நன்றாகவே தெரியும். அதனால் அங்கே வேட்டைக்குப் போகிற துணியைத் துவைக்கவே தனிச் சோப்பு விற்கிறார்கள். மனித வாடை போகாதபடி காற்றுக்கு எதிர்த்திசையில் நிற்பது இன்னொரு பாடம்.

நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு மான் வேட்டை சிறைக்குப் போகும் குற்றம். ஆகவே அந்தச் சட்டையும் சோப்பும் நமக்கு வேண்டாம். ஆனால் அவற்றைத் தேர்ந்தெடுக்கும் கணக்கு நமக்கும் வேண்டியதுதான். எந்த இரையோ, அதன் புலன்களை ஏமாற்றவே வேட்டைக்காரன் உடுத்துகிறான். கலங்கிய உப்புநீரில் சேற்றுக்குள் கிடக்கும் இறாலுக்கு நிறமும் பொருட்டல்ல, காற்று வாக்கும் பொருட்டல்ல. அதற்குத் தெரிந்தது தண்ணீரின் அசைவு.

இறால் கடலில் முட்டையிடும். முட்டையிலிருந்து வந்த நுண்குஞ்சுகள் பல தோற்றங்கள் மாறி, சில வாரங்களில் கழிமுகத்துக்குள் நுழைந்துவிடும். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, ஏறத்தாழ 1,100 ஹெக்டேரில் தீவுத்தீவாகச் சிதறிக்கிடக்கும் பிச்சாவரம் அலையாத்திக்காடு அவற்றுக்குத் தாய்வீடு. உதிர்ந்த இலை மட்கிய சேற்றில் தீனிக்குப் பஞ்சமில்லை. வேர்களுக்கு நடுவே பெரிய மீன் நுழைய முடியாது. சில மாதம் இங்கே தின்று வளர்ந்து மறுபடி கடலுக்குத் திரும்பும். பல வகை இறால்கள் பகலில் சேற்றில் புதைந்து, காம்புக் கண்களையும் நீண்ட மீசைகளையும் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு கிடக்கும். அந்த மீசைதான் அதன் காவல்காரன்.

மீசையில் ஏதாவது இடித்தால் வாலை ஒரே சுருக்காக உள்ளே மடித்து இறால் பின்னோக்கிப் பாயும். இந்தப் பாய்ச்சலுக்கான கட்டளையைக் கொண்டுபோகும் நரம்பு இழை உயிரினங்களிலேயே மிக வேகமானவற்றுள் ஒன்று. சில இறால் வகைகளில் நொடிக்கு 200 மீட்டர் வேகத்தில் செய்தி ஓடுவதை அளந்திருக்கிறார்கள். மனித உடலின் மிக விரைவான நரம்புகளில்கூட அது நொடிக்கு 120 மீட்டர் அளவில்தான். போட்டி போட்டால் நம் கை தோற்கும். ஆகவே போட்டியே போடுவதில்லை. கையை வீசாமல், சேற்றோடு சேறாக ஊர்ந்து போகவிட்டு, இரண்டு உள்ளங்கைகளையும் இரு பக்கமிருந்து நெருக்கிக் கொண்டுவருகிறார்கள். பின்னோக்கித் துள்ளுகிற பிராணிக்கு முன்னால் ஒரு கையும் பின்னால் ஒரு கையும் இருந்தால் துள்ளல் எங்கே போய் முடியும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இனி உடுப்புக்கு வரலாம். முதல் விதி, தண்ணீரை அலைக்கழிக்கும் எதுவும் மேலே இருக்கக் கூடாது. தளர்ந்த வேட்டியும் விரிந்த முந்தானையும் நீரில் குடைபோல உப்பி, ஆள் வருமுன்னே ஆள் வரும் செய்தியைச் சொல்லிவிடும். இறுக்கிச் சொருகிய துணிதான் வசதி. பெண்கள் சேலைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்வது நாற்று நடுகிற வயலில் நாம் பார்ப்பதுதான். வெயிலில் முதுகு வேகாமலும், வேரில் ஒட்டிக்கிடக்கும் ஆளிச் சிப்பி கையைக் கீறாமலும் அது காக்கும்.

கையுறை போட்டால் பாதுகாப்புதானே என்று வெளியூர்க்காரர் கேட்பார். போட்டால் வேட்டையே இல்லை. நம் விரல்நுனியில் ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்புக்கு ஏறத்தாழ 240 தொடுநரம்பு இழைகள் வந்து முடிகின்றன. உள்ளங்கையில் அதில் நான்கில் ஒரு பங்குதான். சேற்றில் கிடக்கும் குச்சி எது, இலை எது, நத்தை எது, ஓட்டுக்கு அடியில் துடிக்கும் உயிர் எது என்று கண் மூடிப் பிரிக்கும் வேலையை இந்த நரம்புகள் செய்கின்றன. அவற்றுக்கு மேல் ரப்பரை மாட்டுவது கண்ணைக் கட்டிக்கொண்டு குறிபார்ப்பதற்குச் சமம்.

நெடுநேரம் நீரில் இருந்தால் விரல்கள் சுருங்கிப்போகும் அல்லவா? தோல் தண்ணீர் குடித்து ஊறுவதால் அப்படி ஆகிறது என்று பலரும் நினைக்கிறோம். கைக்குப் போகும் நரம்பு அறுந்தவர்களுக்கு விரல் சுருங்குவதில்லை என்பது 1930களிலேயே மருத்துவர்கள் கவனித்தது. நரம்பு மண்டலம் விரல்நுனியின் ரத்தக் குழாய்களைச் சுருக்கி, வேண்டுமென்றே உண்டாக்கும் மடிப்பு அது. 2013இல் இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் தண்ணீருக்குள் கிடக்கும் கோலிக்குண்டுகளை எடுத்து மாற்றச் சொல்லிப் பார்த்தார்கள். விரல் சுருங்கியவர்கள் வேகமாக எடுத்தார்கள். மறு ஆண்டே ஜெர்மனியில் ஒரு குழு இதே சோதனையைச் செய்துவிட்டு அப்படி ஒரு வித்தியாசமும் இல்லை என்றது. வழக்கு இன்னும் முடியவில்லை. கோலிக்குண்டை விட்டுவிட்டு உயிருள்ள இறாலை வைத்து, பிச்சாவரத்து விரல்களைக் கொண்டு யாராவது செய்து பார்த்தால் தீர்ப்பு சீக்கிரம் வரும் என்பது என் எண்ணம். பக்கத்திலேயே பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது.

காலுக்கும் அதே கதைதான். முழங்கால் வரை ஏறும் ரப்பர் பூட்ஸ் இந்தச் சேற்றில் உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். கால் மட்டும் தனியாக வெளியே வரும். வெண்கண்டல் மரத்தின் மூச்சு வேர்கள் ஆணி அடித்ததுபோலச் சேற்றிலிருந்து மேல்நோக்கி நிற்கின்றன. வெறுங்காலுக்குத்தான் அவை எங்கே இருக்கின்றன என்று மிதிக்குமுன் தெரியும்.

இப்போது பறி. அதை ஏன் பல்லில் கவ்வ வேண்டும், இடுப்பில் கட்டிக்கொண்டால் என்ன? இடுப்பு நீருக்குள் இருக்கிறது. பிடித்த இறாலை அங்கே கொண்டுபோய் வாயைத் தேடித் திணிப்பதற்குள் அது நழுவிவிடும். உட்கார்ந்து தவழ்கிறவரின் உடம்பில் நீருக்கு மேல் நிலையாக இருப்பது தலைதான். இரண்டு கைகளும் எளிதில் வந்து சேரும் இடமும் அதுவே. முகத்துக்கு நேரே பறியின் வாய் இருந்தால் கை தானாகவே வழி கண்டுபிடிக்கும். ஓலை கனமில்லாதது, அதனால் தாடை தாங்கும். முடைச்சலின் இடுக்கு வழியே தண்ணீர் வடிந்துவிடும், ஈரம் மட்டும் தங்கும். இறால் கரைக்கு வரும்வரை உயிரோடு கிடக்கும். வாய் குறுகல் என்பதால் உள்ளே விழுந்தது துள்ளி வெளியே வராது. இத்தனை வேலையையும் செய்ய ஒரு பனை மட்டையின் ஓலை போதும். ஒரே குறை, வேலை முடியும்வரை பேச முடியாது.

நண்டுக்கு மட்டும் கை போதாது. சேற்று வளையில் இருக்கும் களிநண்டின் கொடுக்கு விரலை நசுக்கிவிடும். அதற்கு நுனி வளைந்த இரும்புக் கம்பி. வளைக்குள் விட்டுத் துழாவி, கொக்கியில் மாட்டி இழுத்து, கொடுக்கை அசையாமல் கயிற்றால் கட்டிவிடுவார்கள். இரும்புக் கம்பியும் இருளர் கையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை அமெரிக்காவும் பார்த்திருக்கிறது. ஃப்ளோரிடாவின் சதுப்புக்காட்டில் பெருகிவிட்ட பர்மா மலைப்பாம்புகளைப் பிடிக்க 2017இல் செங்கல்பட்டுப் பகுதி இருளர்களான மாசி சடையனையும் வடிவேல் கோபாலையும் அங்கே அழைத்துப் போனார்கள். இரண்டு வாரத்துக்குள் பத்துக்கும் மேற்பட்ட பாம்புகளைப் பிடித்தார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

எதை அணிய வேண்டும் என்பதைவிட எதைத் தொடக்கூடாது என்பது முக்கியமாகும் ஒரு மரமும் இங்கே உண்டு. சிதம்பரம் கோயிலின் தலமரமான தில்லை, ஊருக்குள் காடாக இல்லாமல் போனாலும் பிச்சாவரத்தில் இன்னும் நிற்கிறது. கிளை ஒடிந்தால் வடியும் வெள்ளைப்பால் தோலில் பட்டால் கொப்புளம். கண்ணில் பட்டால் பார்வை தற்காலிகமாகப் போகும் அளவுக்கு எரிச்சல். இந்தத் தில்லைவனத்துக்கு வந்த வியாக்கிரபாதர், வண்டு தொடுமுன் பூப்பறிக்கப் பனியில் வழுக்கும் மரமேற வேண்டும் என்று சிவனிடம் புலிக்காலும், இருட்டில் பார்க்கப் புலிக்கண்ணும் கேட்டு வாங்கினார் என்கிறது தலபுராணம். வேலைக்கேற்ற கருவி கேட்டவர்களில் அவரை மிஞ்ச ஆளில்லை. நமக்கு அந்த வரம் இல்லாததால், கிளைகளுக்குள் படகு நுழையும்போது முழுக்கைச் சட்டையும் கண்ணாடியும் போட்டுக்கொள்வது நல்லது. பால் பட்டுவிட்டால் கண்ணைக் கசக்காமல், நல்ல தண்ணீரில் நிறைய நேரம் கழுவிக்கொண்டே மருத்துவரிடம் போக வேண்டும்.

நீருக்குள் இறங்குகிறவர்களுக்கு வேறு இரண்டு எதிரிகள்: திருக்கையின் வால்முள், கெளுத்தியின் முதுகு முள்ளும் பக்க முள்ளும். இரண்டிலும் விஷம் உண்டு, இரண்டும் ரம்பம்போல விளிம்பு கொண்டவை. திருக்கை சேற்றில் தட்டையாகப் படுத்திருக்கும். காலைத் தூக்கி வைத்தால் அதன் மேலேயே மிதிப்போம். சேற்றோடு காலை இழுத்து நடந்தால் அதிர்வு தெரிந்து அது விலகிப்போகும். தவழ்ந்து தடவுகிறவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு கேட்காமலே கிடைக்கிறது. முள் குத்திவிட்டால், இந்த விஷம் சூட்டில் சிதையும் புரதம் என்பதால், தோல் வெந்துவிடாத அளவுக்கு, ஏறத்தாழ 45 டிகிரி செல்சியஸ் சூடுள்ள நீரில் காயத்தை அரை மணிக்குக் குறையாமல் அமிழ்த்தி வைத்தால் வலி இறங்கும். முள் துணுக்கு உள்ளே தங்கியிருக்கிறதா என்று பார்த்து எடுப்பதும், தடுப்பூசி போடுவதும் மருத்துவமனையில் நடக்க வேண்டியவை.