ஆண் கூலி, பெண் கூலி: இடைவெளி எங்கே உருவாகிறது?

சேலம் மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில், சுவேத நதியை ஒட்டிய கெங்கவல்லி வட்டாரத்தில் காட்டு (வயல்) வேலைக்கு ஆண் கூலி, பெண் கூலி என்று இரண்டு கணக்கு உண்டு. ஒரே ஊர், ஒரே நாள், ஒரே காட்டில் வேலை என்றாலும் பெண்ணின் கையில் வருவது குறைவு. சம வேலைக்குச் சம ஊதியம் தர வேண்டும் என்று 1976-லேயே சட்டம் வந்துவிட்டது. 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பும் அதையே சொல்கிறது. ஆனால் வேலையே ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்று பிரிந்து கிடப்பதால், சட்டம் ஒப்பிட்டுப் பார்க்க ‘சம வேலை’ என ஒன்று அகப்படுவதில்லை.

வேலைப் பிரிவினை

குச்சிக்கிழங்கு எனப்படும் மரவள்ளி இப்பகுதியின் முக்கியப் பணப்பயிர். அதில் களை எடுப்பது பெண்கள். கிழங்கைப் பிடுங்கி லாரியில் ஏற்றுவது பெரும்பாலும் ஆண்கள். களைக்கு நாள் கூலி. பிடுங்குவதற்கும் ஏற்றுவதற்கும் பெரும்பாலும் எடைக் கணக்கு. குனிந்தே செய்யும் களையெடுப்பு எளிய வேலை அல்ல. ஆனாலும் அதற்கு ‘லேசான வேலை’ என்ற மதிப்புதான். ஆத்தூர் வட்டாரத்து ஜவ்வரிசி ஆலைகளிலும் இதே வழக்கம்: கிழங்குத் தோல் சீவுவது நெடுங்காலம் பெண்கள் வேலை, இயந்திரப் பிரிவு ஆண்களுடையது.

இயந்திரங்கள் வந்தபோதும் பெண்களின் வேலையே முதலில் குறைந்தது. களைக்கொல்லி களையெடுப்பையும், அறுவடை இயந்திரம் கதிரறுப்பையும் எடுத்துக்கொண்டன. மருந்தடிப்பவரும் வண்டி ஓட்டுபவரும் ஆண்களே.

நேரமும் தூரமும்

உள்ளூரில் வேலை குறைந்தால் ஆண்கள் கட்டட வேலைக்கும், லாரிக்கும், ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிக்கும் வெளியூர் போகிறார்கள். சமையல், தண்ணீர், பிள்ளைகள், ஆடு மாடு என்று வீட்டுப் பொறுப்பு உள்ள பெண்ணுக்கு அது முடிவதில்லை. தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி 2024-ல் ஊதியமற்ற வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் செலவிட்டது 289 நிமிடம். ஆண்கள் 88 நிமிடம். நடந்து போகும் தூரத்தில் கிடைக்கும் வேலையே பெண்ணுக்கு வேலை என்றாகும்போது, கூலியைப் பேசி உயர்த்தும் வலுவும் குறைகிறது. தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கிய பெண்களுக்கான கட்டணமில்லாப் பேருந்துப் பயணம் இந்தத் தூரத் தடையைக் கொஞ்சம் தளர்த்தியது.

பணக்கார நாடுகளிலும் இடைவெளி உண்டு. தோன்றும் இடம் வேறு. 2023-ல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற கிளாடியா கோல்டின், அமெரிக்காவில் இன்றைய வருவாய் இடைவெளியின் பெரும்பகுதி ஒரே தொழிலில் உள்ள ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையில், முதல் குழந்தை பிறந்தபின் உருவாவதாகக் காட்டினார். கெங்கவல்லிக் காடுகளிலோ வேலையைப் பிரிக்கும்போதே அது தொடங்கிவிடுகிறது.

நூறு நாள் வேலை காட்டியது

2005-ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி விகிதம் வைத்தது. தமிழ்நாட்டில் 2024-25-ல் அது 319 ரூபாய். மூன்றில் ஒரு பங்கு பயனாளிகளாவது பெண்களாக இருக்க வேண்டும் என்றது சட்டம். தமிழ்நாட்டிலோ மொத்த வேலை நாட்களில் 80 விழுக்காட்டுக்கு மேல் பெண்களுடையதாக இருந்தது. வெளியில் அந்தக் கூலியைவிடக் கூடுதலாகச் சம்பாதிக்க முடிந்த ஆண்கள் வரவில்லை. ஊருக்குள்ளேயே சமக் கூலி கிடைத்ததால் பெண்கள் வந்தார்கள்.

வறுமைக் கணக்கு

நிதி ஆயோக்கின் கணக்கில் தமிழ்நாட்டில் பல பரிமாண வறுமை 2019-21-ல் 2.2 விழுக்காடு. இத்தகைய அளவீடுகள் குடும்பத்தை ஓர் அலகாக எடுத்துக்கொள்வதால், வீட்டுக்குள் பணம் யார் கையில் இருக்கிறது என்பது தெரிவதில்லை. ஏழை அல்லாத குடும்பம் என்று கணக்கில் வரும் வீட்டுப் பெண்ணும் கணவர் இறந்தாலோ பிரிந்தாலோ ஏழையாகிவிடலாம்: சேமிப்பும் நிலமும் பெரும்பாலும் அவள் பெயரில் இருப்பதில்லை. தமிழ்நாட்டில் 1989-லும் நாடு முழுவதும் 2005-லும் இந்து மகள்களுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் சம உரிமை வந்தது. ஆனாலும் 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் இந்தியாவின் சாகுபடிக் கைப்பற்றுகளில் பெண்களுடையவை ஏறக்குறைய 14 விழுக்காடுதான். பட்டா இல்லையேல் பயிர்க் கடனும் மானியமும் எளிதில் கிடைப்பதில்லை.

அரசின் உதவிகள் வெவ்வேறு முனைகளைத் தொடுகின்றன. 1989-ல் தருமபுரியில் தொடங்கிய சுயஉதவிக் குழுத் திட்டம் பெண்களுக்குச் சேமிப்பும் கடனும் தந்தது. 2023 செப்டம்பர் முதல் மகளிர் உரிமைத்தொகையாக மாதம் 1,000 ரூபாய் பெண்ணின் கணக்கிலேயே சேரத் தொடங்கியது. ஆதரவற்ற விதவைகளுக்கான ஓய்வூதியம் 2023-ல் 1,200 ரூபாயானது. இவை வீட்டுக்குள் அவள் கையை வலுப்படுத்துகின்றன. காட்டுக் கூலியின் இரண்டு கணக்கு மாறுவதற்கு இவை போதாது. இயந்திரம் ஓட்டும் பயிற்சி, பெண் பெயரில் பட்டா, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் மையம் ஆகிய மூன்றும் அதற்குத் தேவை.