செகண்ட்ஸ் கார் வாங்கலாம், வாங்க! – 9
பெட்டி வேறு, சரக்கு ஒன்று

ஆர்.சி. மாற்றம், இன்ஷூரன்ஸ், கடன் பதிவு நீக்கம் என்று கடந்த வாரங்களில் காகித வேலைகளைப் பார்த்து முடித்தோம். கார் உங்கள் வாசலுக்கு வந்துவிட்டது. இனி முதல் பெரிய ரிப்பேர் வரும். அடித்துப் பேசி மிச்சம் பிடித்த இருபதாயிரத்தை ஒரே பில்லில் தொலைத்தவர்கள் நிறைய பேர். பாகங்களை வாங்கும் விதம் தெரிந்தால் அந்தப் பணம் கையில் நிற்கும்.

கார் கம்பெனிகள் எல்லா பாகங்களையும் தாங்களே செய்வதில்லை. ஆல்டர்னேட்டரும் செல்ஃப் மோட்டாரும் செய்கிற லூக்காஸ் டிவிஎஸ் சென்னை பாடியில் இருக்கிறது. பிரேக் பாகங்கள் செய்கிற பிரேக்ஸ் இந்தியாவும் அதே பாடிதான். இப்படிப்பட்ட நிறுவனங்களின் சரக்கு கார் கம்பெனியின் பெட்டியில் ஏறினால் ஒரு விலை. செய்தவரின் சொந்தப் பெட்டியில் கடைக்கு வந்தால் பெரும்பாலும் அதைவிடக் குறைந்த விலை. கடைக்காரரிடம் "கம்பெனிக்கு சப்ளை பண்றவங்களோட சரக்கு இருக்கா?" என்று கேளுங்கள். சென்னையில் ஜி.பி. ரோடு கடைகளில் இந்தக் கேள்வி புதிதல்ல.

இந்தச் சந்தை நமக்குச் சுலபமாகத் திறந்துவிடவில்லை. உதிரி பாகங்களையும், பழுது கண்டறியும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவிடாமல் தடுத்ததாக 14 கார் நிறுவனங்களுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. பாகங்களை வெளிச்சந்தையில் விற்க வேண்டும், வாடிக்கையாளர் வண்டியை வெளி மெக்கானிக்கிடம் கொடுத்தார் என்ற ஒரே காரணத்துக்காக ஒட்டுமொத்தமாக வாரன்டியை ரத்து செய்யக் கூடாது என்றும் உத்தரவிட்டது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போனது வேறு கதை. நம் தெருமுனை மெக்கானிக்கின் பிழைப்பும் நம் பணமும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருக்கின்றன என்பதை அந்த உத்தரவு ஊரறியச் சொன்னது.

அடுத்த சிக்கனம், முழு செட்டா, உள்ளே இருக்கும் சின்ன பாகமா என்று கேட்பதில் இருக்கிறது. ஆல்டர்னேட்டரையே எடுத்துக்கொள்வோம். வண்டி ஓடும்போது டேஷ்போர்டில் பேட்டரி விளக்கு எரிகிறது. "ஆல்டர்னேட்டர் போயிடுச்சு சார், மாத்திடலாம்" என்பார்கள். பொறுங்கள். இன்ஜின் ஓடும்போது பேட்டரியின் இரு முனைகளிலும் மல்டிமீட்டரை வைக்கச் சொல்லுங்கள். 13.5 முதல் 14.5 வோல்ட்டுக்குள் காட்டினால் பெரும்பாலான வண்டிகளில் சார்ஜ் ஏறுகிறது என்று அர்த்தம். 12 அளவிலேயே நின்று மெல்ல இறங்கினால் ஏறவில்லை. அப்போதும் முதலில் பெல்ட், பிறகு வயர் இணைப்பு. இரண்டும் சரியென்றால் ஆல்டர்னேட்டரைக் கழற்றிப் பார்க்கலாம். பல வண்டிகளில் உள்ளே ஸ்பிரிங் அழுத்தத்தில் சுழலும் வளையத்தை உரசிக்கொண்டிருக்கும் இரண்டு கார்பன் பிரஷ்கள் தேய்ந்து குட்டையாகியிருக்கும். இல்லையென்றால் ரெகுலேட்டரோ பேரிங்கோ போயிருக்கும். நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியன் அதை மட்டும் மாற்றித் தருவார். முழு ஆல்டர்னேட்டர் பல ஆயிரம். பிரஷ் சில நூறு.

முன்பக்கம் 'டக் டக்' என்று சத்தம் வந்தாலும் இதே கேள்விதான். பல மாடல்களில் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் மட்டும் தனியாகக் கிடைக்கும். பிரஸ் வைத்திருக்கும் பட்டறையில் ஏற்றிக்கொள்ளலாம். பால் ஜாயின்ட்டும் ஆடுகிறது என்றால் முழு ஆர்மை மாற்றுவதே சரி.

பழைய பாகங்களைத் தேடிச் சென்னை புதுப்பேட்டைக்குப் போகலாமா? தாராளமாக. கதவு, பம்பர், ஹெட்லைட், கண்ணாடி, சீட் இவற்றையெல்லாம் பார்த்து, பேரம் பேசி, கட்டாயம் பில்லோடு வாங்குங்கள். ஆனால் பிரேக், ஸ்டீயரிங் பாகங்கள், டயர், டைமிங் பெல்ட், சீட் பெல்ட், ஏர்பேக் ஆகியவற்றைப் பழையதாக வாங்கவே கூடாது. பல இன்ஜின்களில் டைமிங் பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி, இன்ஜினைப் பிரிக்கும் நிலை வரும். பிரேக்கில் ரூபாய் மிச்சம் பிடிப்பது குடும்பத்தின் உயிரோடு விளையாடுவது. இந்த இடத்தில் மட்டும் சிக்கனம் வேண்டாம்.

பில்லையும் ஒரு முறை படியுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் கார் உதிரி பாகங்கள் எல்லாவற்றுக்கும் ஜி.எஸ்.டி. 18 சதவிகிதம்தான். அதற்கு முன் பல பாகங்களுக்கு 28 இருந்தது. பழைய எஸ்டிமேட்டை அப்படியே நீட்டினால் திருத்தச் சொல்லுங்கள். பாகத்தின் விலை தனியாக, லேபர் தனியாக எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். உங்கள் காசில் மாற்றியது, கேட்பதில் கூச்சம் எதற்கு?

மெக்கானிக்கின் லேபரில் மட்டும் பேரம் பேசாதீர்கள். பழுதைச் சரியாகக் கண்டுபிடிக்கிற கை, தேவையில்லாத பத்துப் பாகங்களை வாங்கவிடாமல் தடுக்கிறது. அந்தக் கைக்கு உரிய கூலியைக் கொடுங்கள். பழைய காருக்கு நீங்கள் செய்யும் செலவுகளில் மிக லாபமான செலவு அதுதான்.

(அடுத்த வாரம்: டயர் வாங்கும்போது பார்க்க வேண்டிய நான்கு இலக்கங்கள்)