செடித் தத்துப்பூச்சியை உறுப்பமைப்பால் இனங்காணுதல்

கார் நிக்கோபார் தீவில் தென்னை மக்கள் வாழ்வின் பேராதாரமாகும். உணவு, எண்ணெய், கொப்பரை வாணிகம், பன்றிகளுக்குத் தீனி ஆகியவற்றுக்கு அவர்கள் அதனையே பெரிதும் நம்பியுள்ளனர். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை கரையோரத் தோப்புகள் பலவற்றை அழித்தது. ஆகவே அங்கு ஓலையின் அடிப்புறத்தில் அமர்ந்திருக்கும் சிறு பூச்சி எதுவென அறிதல் பயனுள்ள பணியாகும்.

செடித் தத்துப்பூச்சிகள் சாற்றை உறிஞ்சுவதோடு, அவற்றுட் சில நோயையும் கடத்துகின்றன. அமெரிக்காவின் புளோரிடாவில் தென்னையை மாய்க்கும் மஞ்சள் நோயை ஹாப்லாக்சியஸ் குரூடஸ் பரப்புவது 1983இல் மெய்ப்பிக்கப்பட்டது. கேரளத்தில் கமுகின் மஞ்சளிலை நோயைக் கடத்துவதாக அறியப்பட்டது புரோட்டிஸ்டா மோயஸ்டா. முன்னதன் இளம்பூச்சிகள் புல்வேர்களில் வளர்வன. பின்னதன் குடும்பத்தைச் சார்ந்தவற்றின் இளம்பூச்சிகளோ மட்கும் மரப்பொருள்களில் வாழ்வன. பெயர் பிழைபடின் தேடும் இடமும் தடுக்கும் முறையும் பிழைபடும்.

முதலில் கைக்கண்ணாடியால் தலையை நோக்குக. இலைத் தத்துப்பூச்சியின் உணர்கொம்பு கண்களுக்கு இடையிலோ முன்னரோ தோன்றும். செடித் தத்துப்பூச்சியிலோ அது கண்ணுக்குக் கீழே, தலையின் பக்கத்தில் அமையும். அதன் இரண்டாம் கணு பருத்து, உணர்வுறுப்புகளைத் தாங்கி நிற்கும். முன்சிறகின் அடியில் சிறு செதில் ஒன்று உண்டு. நடுக்கால்களின் அடிக்கணுக்கள் நீண்டு, ஒன்றுக்கொன்று விலகியிருக்கும்.

அடுத்துக் குடும்பத்தை அறிதல் வேண்டும். பின்காலின் கணைக்கால் நுனியில் அசையும் முள் ஒன்று இருப்பின் அது டெல்பாசிடே குடும்பம். நெற்பயிரைத் தாக்கும் புகையான் இதனைச் சார்ந்தது. அம்முள் இல்லையாயின் உறிஞ்சும் அலகின் கடைசிக் கணுவைக் காண்க. அது அகலத்தை ஒத்த நீளமே உடையதாய்க் குறுகியிருத்தல் டெர்பிடே குடும்பத்தின் அடையாளம், புரோட்டிஸ்டா இக்குடும்பத்தது. ஹாப்லாக்சியஸ் அடங்கிய சிக்சிடே குடும்பத்தில் அக்கணு நீண்டிருக்கும்.

இனத்தை உறுதிசெய்ய நிறம் மட்டும் போதாது. உலர்ந்தாலும் சாராயத்தில் கிடந்தாலும் அது மங்கக்கூடும். ஆண்பூச்சியின் வயிற்று நுனியிலுள்ள இனப்பெருக்க உறுப்புகளே நம்பத்தக்க சான்று. வயிற்றைப் பிரித்துப் பத்து விழுக்காடு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இட்டால் தசை கரைந்து கடினப் பகுதிகள் எஞ்சும். நீரில் கழுவி, கிளிசரினில் வைத்து, நுண்ணோக்கியில் பற்றுறுப்புகளின் வடிவையும் ஆண்குறியின் முட்களையும் வரைதல் வேண்டும். இக்கரைசல் தோலை அரிப்பதாதலால் மாணாக்கர் கையில் கொடுத்தலாகாது. பிரித்த வயிற்றைச் சிறு குழலில் இட்டு அதே பூச்சியின் ஊசியிலேயே இணைத்து வைக்க வேண்டும்.

விவரிக்கும்போது தலை, மார்பு, சிறகு, கால், இனப்பெருக்க உறுப்பு என்ற வரிசையில் எழுதி, அளவுகளை மில்லிமீட்டரில் தருக. பிடித்த ஊர், நாள், மரம், பிடித்தவர் பெயர் ஆகியவை சீட்டில் இருத்தல் இன்றியமையாதது. சீட்டில்லாத பூச்சி எத்துணை அரியதாயினும் ஆராய்ச்சிக்குப் பெரிதும் பயன்படாது.

ஒரே தோப்பிலிருந்து ஆண், பெண் இரண்டையும் பல எண்ணிக்கையில் சேகரிப்பது நன்று. ஐயம் எழுமாயின் ஸ்ரீ விஜயபுரத்திலுள்ள (முன்பு போர்ட் பிளேயர்) இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் வட்டார மையத்தை நாடலாம். பூச்சி கிடைத்ததனாலேயே மரத்திற்கு நோய் உண்டென முடிவு செய்தல் தவறு. கடத்தும் திறன் தனிப் பரிசோதனையால் மெய்ப்பிக்கப்பட வேண்டியது. அதற்குச் சரியான பெயரே முதற்படி.