கறிவேப்பிலைக்குச் சவர்க்கார நீர்: எப்போது பலன் தரும், எப்போது இலையைக் கருக்கும்?

தோட்டப்புற வீடானாலும் பட்டணத்து அடுக்குமாடி வீடானாலும், நம்மவர் வாசலில் ஒரு கறிவேப்பிலைச் செடியும் இரண்டு மிளகாய்ச் செடிகளும் இருக்கும். அவற்றின் துளிரில் அசுவினி மொய்ப்பதும், தண்டில் வெள்ளையாக மாவுப்பூச்சி அப்பிக்கொள்வதும் பலரும் கண்டதுதான். அந்நேரத்தில் செம்பனைக்கு அடித்து மிஞ்சிய மருந்தை வீட்டுச் செடிக்கும் தெளித்துவிடுபவர்கள் உண்டு. காலையில் மருந்தடித்த அதே செடியின் இலைதான் மாலையில் குழம்பில் விழுகிறது. குளிர்பானப் போத்தலில் ஊற்றி வைத்த மருந்தைப் பிள்ளைகள் எடுத்துக் குடித்துவிடும் ஆபத்தும் இருக்கிறது.

இதற்கு எளிய மாற்று, சவர்க்கார நீர். ஆனால், அதன் குணம் தெரிந்து பயன்படுத்த வேண்டும்.

எப்படி வேலை செய்கிறது?

சவர்க்காரத்தில் உள்ள கொழுப்பு அமில உப்புகள், பூச்சியின் மேலுள்ள மெழுகுப் படலத்தைக் கரைத்து, உயிரணுக்களின் சவ்வைச் சிதைக்கின்றன. உடல்நீர் வற்றிப் பூச்சி சாகிறது. நீர் ஈரமாக இருக்கும் வரைதான் இது நடக்கும். காய்ந்த பிறகு வந்து உட்காரும் பூச்சியை அது ஒன்றும் செய்யாது. ஆகவே, கரைசலைக் கெட்டியாக்குவதில் பயனில்லை. பூச்சியின் மேல் நேராகப் படுவதே முக்கியம்.

எந்தச் சவர்க்காரம்?

தேங்காய் எண்ணெய், பனை எண்ணெய் போன்றவற்றில் செய்த, வாசனையும் சாயமும் சேராத உண்மையான சவர்க்காரம் வேண்டும். பொட்டாசியம் சேர்த்துச் செய்த திரவச் சவர்க்காரம் செடிக்கு இன்னும் நல்லது. பாத்திரம் கழுவும் திரவமும் துணி துவைக்கும் தூளும் பெரும்பாலும் சவர்க்காரமே அல்ல. எண்ணெய்ப் பிசுக்கை அகற்றும் அவை, இலையின் மெழுகையும் அகற்றிக் கருக்கிவிடக்கூடும்.

செய்முறை

10 கிராம் சவர்க்காரத்தைத் துருவி, சிறிது வெந்நீரில் கரைத்து, ஆறியதும் வடிகட்டி, 1 லிட்டர் வரும்படி நீர் சேர்க்க வேண்டும். 20 கிராமைத் தாண்டினால் இலை கருகும். கிணற்று நீரில் நுரை வராமல் திரிதிரியாகப் பிரிந்தால், மழைநீரைப் பயன்படுத்தலாம்.

முதலில் இரண்டு மூன்று இலைகளில் மட்டும் தெளித்து ஒரு நாள் பார்க்க வேண்டும். இலை வாடவில்லை என்றால், வெயில் ஏறுவதற்கு முன், காலை 8 மணிக்குள் செடி முழுவதும் தெளிக்கலாம். பூச்சிகள் பதுங்குவது இலையின் அடிப்பக்கத்தில் என்பதால் அங்கே நன்றாக நனைய வேண்டும். முட்டையிலிருந்து புதிய குஞ்சுகள் வந்துகொண்டே இருக்கும். எனவே, 5 முதல் 7 நாள்களுக்கு ஒருமுறை, மூன்று தடவையாவது தெளிப்பது நல்லது.

எதற்கு உதவாது?

அசுவினி, மாவுப்பூச்சி, வெள்ளை ஈ, சிலந்திப்பேன் போன்ற மெல்லுடல் பூச்சிகளுக்கே இது பலன் தரும். புழுக்களையும் வண்டுகளையும் கையால் பொறுக்குவதே வழி. வெள்ளை ஈ பரப்பும் நச்சுயிரியால் சுருண்டுபோன மிளகாய் இலையைச் சவர்க்காரம் நிமிர்த்தாது. அந்தச் செடியைப் பிடுங்கி அப்புறப்படுத்தினால்தான் மற்றவை தப்பும்.

செடியில் எறும்புகள் ஏறினால் அவற்றையும் தடுக்க வேண்டும். அசுவினியும் மாவுப்பூச்சியும் சுரக்கும் இனிப்புநீருக்காக எறும்புகள் அவற்றைக் காவல் காக்கின்றன. அதேவேளை, மாவுப்பூச்சியைத் தின்னும் ஒருவகைப் பொறிவண்டின் குஞ்சும் மாவு பூசியது போலவே இருக்கும். மாவுப்பூச்சியைவிடப் பெரிதாக, வேகமாக ஊர்ந்தால் அது நண்பன்; அந்தக் கிளையை விட்டுவிடலாம்.

தெளித்த செடியில் இலை பறித்தால், வழக்கம்போல் நல்ல நீரில் அலசிவிட்டுச் சமையலுக்குப் பயன்படுத்தலாம். வீட்டுச் செடிக்குத் தோட்டத்து மருந்து தேவையில்லை. வாரம் ஒருமுறை இலையைத் திருப்பிப் பார்க்கும் பொறுமை இருந்தால் போதும்.