விளக்கு அணைந்தது, கரண்ட் இருந்தது

திண்டுக்கல்லில் அம்மா இருக்கும் வீடு 1988-ல் கட்டியது. ஹால் கூரையில், ஃபேனுக்குச் சற்றுத் தள்ளி, பால் நிறக் கண்ணாடிக் குடுவைக்குள் ஒரு விளக்கு அன்றிலிருந்து எரிந்துகொண்டிருந்தது. பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது குடுவை விரிசல் விட்டுவிட்டது. கூரையோடு ஒட்டி நிற்கும் வட்டமான 15 வாட் எல்.இ.டி. விளக்கு ஒன்றை வாங்கிக்கொண்டு, நானே மாற்றிவிடலாம் என்று போனேன்.

சுவிட்சை அணைத்தேன். விளக்கு அணைந்தது. ஸ்டூலில் ஏறி, பல்பைக் கழற்றி, ஹோல்டரைத் திருகி இறக்கினேன். வயரை விடுவிக்க விரலால் பிடித்த கணத்தில் முழங்கை வரை சுண்டி இழுத்தது. ஸ்க்ரூ டிரைவர் எங்கோ போய் விழுந்தது. கீழே ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்த அம்மா என் காலை இறுகப் பற்றிக்கொண்டதால்தான் நான் விழவில்லை.

"முதல்ல இறங்குடி" என்றாள். குரல் நடுங்கியது.

சாயங்காலம் எலக்ட்ரீஷியன் வந்தார். இருபது வருடமாக அந்தத் தெருவுக்கே அவர்தான். நடந்ததைக் கேட்டுவிட்டு, "சுவிட்ச் மட்டும்தான் அணைச்சீங்களாம்மா?" என்றார்.

"ஆமாண்ணே. லைட்டுதான் அணைஞ்சிருச்சே."

"லைட்டு அணையும். கரண்ட் போகணும்னு இல்லையே."

அவர் சொன்னதை அன்று ராத்திரி முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். விளக்குக்கு இரண்டு வயர் போகின்றன. ஒன்று பேஸ், 230 வோல்ட் அதில்தான் வருகிறது. இன்னொன்று நியூட்ரல், மின்சாரம் திரும்பிப் போகிற வழி. இந்த வட்டத்தை எந்த இடத்தில் துண்டித்தாலும் விளக்கு அணைந்துவிடும். பேஸில் துண்டித்தால் விளக்கு வரைக்கும் கரண்ட் வராது. நியூட்ரலில் துண்டித்தால், விளக்கு அணைந்திருக்கும், ஹோல்டரில் 230 வோல்ட் அப்படியே காத்திருக்கும். பார்ப்பவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். சுவிட்ச் பேஸில்தான் இருக்க வேண்டும் என்பது வயரிங்கின் அடிப்படை விதி. ஆனால் கையில் கிடைத்த வயரைக் கிடைத்த இடத்தில் முடுக்கிவிட்டுப் போன போர்டுகள் நம் பழைய வீடுகளில் எத்தனையோ உண்டு. அம்மா வீட்டு ஹால் போர்டு அப்படி ஒன்று.

அதற்கு ஒரு அடையாளம் முன்பே தெரிந்திருக்கிறது. "அணைச்சாலும் ராத்திரியில மினுக்குன்னு லேசா தெரியுமே" என்று அம்மா சொன்னாள். குண்டு பல்பை எடுத்துவிட்டு எல்.இ.டி. பல்பு போட்ட நாளிலிருந்து அப்படித்தானாம். எல்.இ.டி.க்கு மிகச் சிறிய மின்கசிவு போதும், மங்கலாக ஒளிர்ந்துவிடும். சுவிட்சிலேயே சின்ன இண்டிகேட்டர் விளக்கு இருந்தாலும், வயர்கள் நெடுந்தூரம் சேர்ந்து ஓடினாலும்கூட அப்படித் தெரியலாம். ஆனாலும் அணைத்த விளக்கு மினுங்குகிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது சுவிட்சைத்தான்.

எம்.சி.பி. இருக்கிறதே, ஷாக் அடித்தால் தானாக விழுந்துவிடாதா என்று பலரும் கேட்கிறார்கள். இதற்கு ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நான் வாங்கிப் போன 15 வாட் விளக்கு இழுக்கும் மின்னோட்டம் ஏறத்தாழ 65 மில்லி ஆம்பியர். மனித உடம்பில் பத்துப் பதினைந்து மில்லி ஆம்பியர் பாய்ந்தாலே தசை இறுகி, பிடித்ததை விட முடியாமல் போகலாம். ஒரு சாதாரண விளக்குக்குப் போகிற மின்சாரம் ஆளைக் கொல்லப் போதும். விளக்கு லைனில் இருக்கும் எம்.சி.பி.யோ 6 ஆம்பியர், அதாவது 6000 மில்லி ஆம்பியர். அது வயர் தீப்பிடிக்காமல் காக்க வந்தது. நம்மைக் காப்பது ஆர்.சி.சி.பி. பேஸில் போனதும் நியூட்ரலில் திரும்பியதும் 30 மில்லி ஆம்பியர் அளவுக்கு வேறுபட்டால் அது நொடியில் இணைப்பைத் துண்டித்துவிடும். அம்மா வீட்டில் அது இல்லை. அந்த வாரமே மாட்டச் சொன்னேன். ஆனால் அதுவும் எல்லாவற்றுக்கும் காவல் கிடையாது. ஒரே ஆள் பேஸையும் நியூட்ரலையும் இரண்டு கையால் தொட்டால், அதற்கு அவரும் ஒரு பல்பு போலத்தான்.

எலக்ட்ரீஷியன் அடுத்துக் கேட்டதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. "வீட்ல இன்வெர்ட்டர் இருக்காம்மா?"

இருக்கிறது. 2008-க்குப் பிறகு வந்த மின்வெட்டில், அதுவும் 2012-ல் பட்ட பாட்டில், தமிழ்நாட்டில் வசதிப்பட்ட வீடுகளெல்லாம் இன்வெர்ட்டர் வாங்கின. ஹால் விளக்கையும் ஃபேனையும்தான் பெரும்பாலும் அதில் இணைத்திருப்பார்கள். மெயினை அணைத்தால் வீடே செத்துவிட்டது என்று நாம் நினைப்போம். இன்வெர்ட்டருக்கு அது வெறும் மின்வெட்டு. உடனே பேட்டரியிலிருந்து 230 வோல்ட்டைத் தயாரித்து அதே ஹால் விளக்குக்கு அனுப்பிவிடும். நான் ஒருவேளை கவனமாக மெயினை அணைத்திருந்தாலும் அன்றைக்கு ஷாக் வாங்கியிருப்பேன். அதனால் மெயினை இறக்க வேண்டும், இன்வெர்ட்டரின் சுவிட்சையும் தனியாக அணைக்க வேண்டும். எம்.சி.பி. மேல் ஒரு துண்டு டேப்பை ஒட்டி, வீட்டில் இருக்கிற எல்லோரிடமும் சொல்லிவிட்டுத்தான் ஏற வேண்டும். வெளியே போயிருந்தவர் திரும்பி வந்து, "என்ன இது, கரண்ட் இல்லையா" என்று மெயினைத் தூக்கிவிடுவது நடக்காத காரியமில்லை.

பிறகு டெஸ்டர். அவர் மூன்று முறை வைத்துப் பார்த்தார். முதலில் கரண்ட் இருக்கும் பிளக் பாயிண்டில். பிறகு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, வேலை செய்யப் போகிற வயரில். மறுபடியும், அணைக்காத வேறொரு இடத்தில். கடைசி முறை எதற்கு என்று கேட்டேன். "நடுவுல டெஸ்டரே போயிருந்தா?" என்றார். டெஸ்டருக்குள் ஒளிர்வது ஒரு நியான் விளக்கு. பெரிய ரெசிஸ்டர் வழியாக, நம் உடம்பு வழியாக, உணர முடியாத அளவு மின்சாரம் பாய்ந்தால்தான் அது எரியும். உலர்ந்த மர ஸ்டூலில் நின்றால் மங்கும். பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. அதனால் அவர் ஒரு ஹோல்டரில் இரண்டு நீள வயர் வைத்த டெஸ்ட் லேம்ப்பையும் மாட்டிப் பார்த்தார்.

சட்டம் என்ன சொல்கிறது? வீட்டு வயரிங் வேலையை உரிமம் பெற்றவர்தான் செய்ய வேண்டும். அதே நேரம், மின் அமைப்பின் திறனையோ தன்மையையோ மாற்றாமல் விளக்கு, ஃபேன், ஃபியூஸ், சுவிட்ச் போன்றவற்றை மாற்றிக்கொள்வதற்கு 1956-ன் இந்திய மின்சார விதிகளிலேயே விலக்கு இருந்தது. பின்னால் 2010-ல் வந்த ஒழுங்குமுறையிலும் அது தொடர்ந்தது. இருந்த இடத்தில் இன்னொரு விளக்கை மாட்டலாம்; போர்டுக்குள் வயரை மாற்றிப் போடுவது வேறு வேலை. அவரும் அப்படித்தான் பிரித்தார். "போர்டை நான் பாத்துக்கிறேன். லைட்டை நீங்களே மாட்டுங்க, நான் கூட நிக்கிறேன்."

மேலே ஏறிப் பார்த்தபோதுதான் முப்பது வருட வெப்பம் என்ன செய்யும் என்று புரிந்தது. குண்டு பல்பின் சூடு பட்டுப் பட்டு, வயர் நுனியில் இருந்த பி.வி.சி. உறை மொறுமொறுவென்று ஆகியிருந்தது. நகம் பட்டதும் அப்பளம் போல் உடைந்து உதிர்ந்தது. உள்ளே செம்பு கறுத்திருந்தது. நல்ல உறை தெரியும் வரை இரண்டு அங்குலம் வெட்டினோம். புதிதாக ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு மட்டும் உரித்ததும், செம்பு பளிச்சென்று வந்தது.

கழற்றும் முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஒரே திருகுக்குள் இரண்டு கறுப்பு வயர்கள் சேர்த்து முடுக்கப்பட்டிருந்தன. இரண்டாவது வயர் பக்கத்து அறைக்குப் போகிற இணைப்பு. விளக்குக்கு இரண்டு வயர்தானே என்று அதை ஓரமாக விட்டிருந்தால், பக்கத்து அறை ஃபேன் நின்றிருக்கும், காரணமும் புரிந்திருக்காது.

நிறத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. நம் வீட்டு வயரிங்கில் சிவப்பு பேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். மூன்று பேஸ் வரும் வீடுகளில் மஞ்சளும் நீலமும்கூட பேஸ்தான். கடையில் வாங்கும் விளக்கிலோ பழுப்பு பேஸ், நீலம் நியூட்ரல். நீலத்தோடு நீலத்தைச் சேர்த்தால் தவறாகிப் போகும் வீடுகள் உண்டு. நிறத்தை நம்பாமல் டெஸ்டரை நம்ப வேண்டும்.

இணைப்பை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றப் போனேன். வேண்டாம் என்று தடுத்தார். மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் கூரை சித்திரை வெயிலில் கொதிக்கும். டேப்பின் பசை இளகி, சுற்று தானாகப் பிரிந்துவிடும். திருகு வைத்த கனெக்டர் போட்டோம். முடுக்கிய பிறகு ஒவ்வொரு வயரையும் இழுத்துப் பார்க்கச் சொன்னார். ஒன்று கையோடு வந்துவிட்டது. மறுபடி முடுக்கினேன். காங்கிரீட்டில் துளை போடும்போதும் பைப் எந்தத் திசையில் போகிறது என்று பார்த்து, அதற்கு விலகி டிரில் வைத்தார்.

விளக்கின் உடல் பிளாஸ்டிக். ஒன்றுக்குள் ஒன்றாக இரட்டைச் சதுரக் குறி இருந்ததால் எர்த் தேவையில்லை. உலோக உடல் கொண்ட அலங்கார விளக்கை வாங்கியிருந்தால் பச்சை வயர் கட்டாயம். அந்தக் காலத்து வீடுகளில் கூரைப் பாயிண்டுக்குப் பெரும்பாலும் எர்த் வயரே வருவதில்லை. பச்சையை நறுக்கிவிட்டு மாட்டுகிற பழக்கத்தை என்னால் ஏற்க முடியாது. தனியாக ஒரு எர்த் இழுக்க வேண்டும், இல்லையென்றால் பிளாஸ்டிக் உடல் விளக்கோடு நின்றுவிட வேண்டும்.

போர்டில் வயரைச் சரிசெய்ய அவருக்குக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. மெயினைத் தூக்கி, ஹால் சுவிட்சை அணைத்தே வைத்து, கனெக்டரில் டெஸ்டரை வைக்கச் சொன்னார். இரண்டு பக்கமும் வைத்தேன். எரியவில்லை.

அம்மா சுவிட்சைப் போட்டாள், அணைத்தாள், மறுபடியும் போட்டாள். அன்று ராத்திரி ஹால் முழு இருட்டாக இருந்தது. தண்ணீர் குடிக்க எழுந்தவள் சுவரைத் தடவிக்கொண்டே வந்து சொன்னாள்: "நாளைக்குக் கடைக்குப் போனா ஒரு நைட் லேம்ப் வாங்கிட்டு வா."