ஓட்டை விழுந்த கிட்டாரும் ஊசி செருகிய கிட்டாரும்
விலை உயர்ந்த கிட்டாரை வாசிக்கத் தெரிந்தவர்கள்தான் நின்று பார்ப்பார்கள். வாசிக்கத் தெரியாதவரையும் பேச்சுக்கு இழுப்பது, ‘இது எப்படி இப்படி ஆனது’ என்று கேட்க வைக்கும் கிட்டார். குவீன் ராக் இசைக்குழுவின் பிரையன் மே வாசிக்கும் ‘ரெட் ஸ்பெஷல்’ அந்த ரகம். கடையில் வாங்க வசதியில்லாத பள்ளிப் பருவத்தில், 1963இல், தந்தையோடு சேர்ந்து அவர் வீட்டிலேயே செய்யத் தொடங்கியது அது. கழுத்துப் பகுதி, பழைய கணப்படுப்பின் மேல்சட்டம். சுருதியை நெளிக்கும் கைப்பிடியின் நுனி, அம்மாவின் பின்னல் ஊசியிலிருந்து வந்தது. உள்ளே மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங்குகள். இசை தெரியாவிட்டால் என்ன, ஊசியும் ஸ்பிரிங்கும் தெரியாதவர் யார்?

பிரபலத்தின் கையில் இருப்பதால்தானே இந்தக் கவனம் என்று கேட்கலாம். புகழுக்குப் பங்கு உண்டுதான். ஆனால் ராக் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் வாசித்த ஃபென்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கடையில் கிடைக்கும் ரகம். பேச்செல்லாம் அவர் விரல்களைப் பற்றியது. பாடகர் வில்லி நெல்சனின் ‘ட்ரிகர்’ என்ற கிட்டார்கூட 1969இல் வாங்கிய மார்ட்டின் என்-20 என்ற கடை ரகம்தான். விரலால் மீட்டுவதற்கென்றே செய்த, காப்புத் தகடு இல்லாத அந்த நைலான் தந்திக் கிட்டாரை அவர் பிளெக்ட்ரம் என்னும் மீட்டுவில்லையால் வாசித்து வாசித்து, ஒலித்துளைக்குப் பக்கத்தில் இன்னொரு ஓட்டையே விழுந்துவிட்டது. அதே கையில் அதே கிட்டார் புதுக்கருக்கோடு இருந்திருந்தால், அதைப் பற்றி யார் விசாரித்திருப்பார்கள்?